வண்டி வீடு சேர்ந்த பிறகு...

பயணக் கதைகளுக்கு நம்ம ஊரில் பஞ்சமே கிடையாது. எங்கே தங்கினார்கள், எந்தக் கடையில் என்ன சாப்பிட்டார்கள், எந்தக் கோயிலில் எவ்வளவு நேரம் வரிசையில் நின்றார்கள்... எல்லாம் விலாவாரியாக வரும். கடைசி ஊரைப் பார்த்து முடித்ததும் மட்டும், "அங்கிருந்து கிளம்பி நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம்" என்று ஒரே வரி. கதை முடிந்தது, சுபம்!

அந்த ஒரு வரிக்குள் சில சமயம் ஆயிரம் கிலோமீட்டர் இருக்கும். அந்த வரிக்குப் பின்னால் ஒரு முழு வாரம் இருக்கும். பயணத்தில் யார் என்ன வாங்கினார்கள், யார் எதை இழந்தார்கள் என்பதெல்லாம் அந்த வாரத்தில்தான் தெரியும். அதை எழுத மட்டும் யாருக்கும் நேரம் இருப்பதில்லை. இருக்காது. அந்த வாரம் பூராவும் துணி துவைக்கத்தான் சரியாக இருக்கும் :-)

மதுரை விளாங்குடிப் பக்கம் ஒரு குடும்பம். ஐந்து பேர். அப்பா, அம்மா, கல்லூரியில் படிக்கும் மகள், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன், அப்புறம் அப்பத்தா. அப்பத்தாவுக்கு வயது 76. இரண்டு முழங்காலும் தகராறு. ஏழு பேர் உட்காரும் பழைய வண்டி ஒன்று சொந்தமாக இருக்கிறது. அரையாண்டு விடுமுறையில் அந்த வண்டியிலேயே ஹம்பி, பாதாமி, விஜயபுரா (பழைய பிஜாப்பூர்தான்) போய்விட்டு வந்தார்கள். டிசம்பர் 24 காலையில் கிளம்பி, ஜனவரி 1 சாயங்காலம் திரும்பினார்கள். ஒன்பது பகல், எட்டு இரவு. வண்டி மீட்டர் கணக்குப்படி 2,146 கிலோமீட்டர்.

மதுரைக்காரர்களுக்கு ஹம்பி ஒன்றும் அன்னிய ஊர் இல்லை. மதுரையை ஆண்ட நாயக்கர்கள் விஜயநகரப் பேரரசின் ஆளுநர்களாக வந்தவர்கள்தான். 1565-ல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் விழுந்தது. ஜெயித்த பக்கம் நின்ற சுல்தான்களில் பிஜாப்பூர்க்காரரும் ஒருவர். ஆக, தோற்ற ஊரை ஒரு நாளும் ஜெயித்த ஊரை இன்னொரு நாளும் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள். பாதாமி என்பது பழைய வாதாபி. 642 வாக்கில் பல்லவன் நரசிம்மவர்மன் படையெடுத்துப் பிடித்த சாளுக்கியத் தலைநகரம்.

பார்த்ததைப் பற்றி எழுதினால் அதுவே பத்துப் பக்கம் போகும். இங்கே விஷயம் அது இல்லை. விஜயபுராவில் 1656-ல் கட்டி முடித்த கோல்கும்பஸைப் பார்த்தாகிவிட்டது. மேல் மாடத்தில் ஒரு பக்கச் சுவரில் மெல்லப் பேசினால் எதிர்ப்பக்கம் நிற்பவருக்குக் கேட்கிறது என்று பிள்ளைகள் இரண்டு பேரும் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. படியேற முடியாமல் கீழே புல்தரையில் உட்கார்ந்திருந்த அப்பத்தாவிடம் வந்து அதைச் சொல்லியும் ஆகிவிட்டது. "நம்ம வீட்டுல சத்தமாச் சொன்னாலே யாருக்கும் கேக்க மாட்டேங்குது" என்று அப்பத்தா சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

விஜயபுராவில் இருந்து மதுரைக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டர். இரண்டு நாளாகப் பிரித்துக்கொண்டார்கள். முதல் நாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பி, தேசிய நெடுஞ்சாலை 50-ல் இல்கல், ஹொசபேட்டை வழியாகச் சித்ரதுர்கா. இல்கலில் வண்டியை நிறுத்தி ஒரு சேலை எடுத்தார்கள். ஊர்ப் பெயரிலேயே சேலை இருக்கும்போது எடுக்காமல் வர முடியுமா? எதிர் வீட்டு அக்காவுக்கு. ஒன்பது நாளும் துளசிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர் அவர்தான். மொறுமொறுப்பான சோளரொட்டி இரண்டு கட்டும் வாங்கிக்கொண்டார்கள். அப்பத்தா சின்ன வயதில் சோளச்சோறு சாப்பிட்டு வளர்ந்தவர். அந்த எட்டு நாளில் அவர் குறை சொல்லாமல் சாப்பிட்டது சோளரொட்டி ஒன்றைத்தான்.

சித்ரதுர்காவில் மலை மேல் வரிசையாகக் காற்றாலைகள். அதன்பிறகு நெடுஞ்சாலை 48. துமகூரு தாண்டி, பெங்களூரு நெரிசலுக்குள் போகாமல் சுற்றுச்சாலையில் ஏறி, இரவு ஒன்பதரைக்கு ஓசூர். டிசம்பர் 31 என்பதால் பன்னிரண்டு மணிக்கு வெளியே ஒரே வெடிச் சத்தம். அப்பத்தா எழுந்து உட்கார்ந்து, "எந்த ஊருப்பா இது?" என்றார். "ஓசூரும்மா. தமிழ்நாட்டுக்கு வந்தாச்சு" என்றார் அப்பா. "அதுக்குள்ளயா?" என்று கேட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

இந்த "அதுக்குள்ளயா?" அப்போது யார் காதிலும் சரியாக விழவில்லை.

போகும்போது நீளமாகத் தெரிந்த பாதை திரும்பும்போது குறுகிப்போவது அநேகம் பேருக்கு நடப்பதுதான். அதே தூரம், அதே வேகம், ஆனால் சீக்கிரம் வந்துவிட்ட மாதிரி இருக்கும். நெதர்லாந்தைச் சேர்ந்த நீல்ஸ் வான் டி வென் என்பவரும் அவருடைய சகாக்களும் இதை ஆராய்ந்து 2011-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பேருந்துச் சுற்றுலா போனவர்கள், சைக்கிளில் போனவர்கள், பயணக் காணொளி பார்த்தவர்கள் என்று மூன்று வகையாகச் சோதித்தார்கள். திரும்பும் பயணம் 17 முதல் 22 சதவீதம் வரை குறைவான நேரமாகத் தோன்றியதாம். பழகிய பாதை என்பதால்தான் அப்படி என்று எல்லாரும் நினைப்போம். ஆனால் அதே நீளமுள்ள வேறு பாதையில் திரும்பினவர்களுக்கும் குறைவாகத்தான் தோன்றியிருக்கிறது. அவர்கள் சொல்லும் காரணம் எதிர்பார்ப்பு. போகும்போது சீக்கிரம் போய்விடலாம் என்று நினைத்து ஏமாறுகிறோம். அந்த ஏமாற்றத்தில், திரும்பும்போதும் ரொம்ப நேரம் ஆகும் என்று மனசைத் தயார் செய்துகொள்கிறோம். அதனால் வந்து சேரும்போது, "அட, வந்துட்டோமா" என்று ஆகிவிடுகிறது.

அறிவியல் சரிதான். ஆனால் அந்த வண்டியில் ஐந்து பேருக்கும் ஐந்து விதமாகத்தான் நேரம் ஓடியிருக்கிறது.

ஓசூரில் இருந்து மதுரைக்குச் சுமார் 400 கிலோமீட்டர். நெடுஞ்சாலை 44. காலையில் கிளம்பியதும் பையனுக்கு ஒரு குஷி. எட்டு நாளாகப் படிக்கத் தெரியாமல் சும்மா பார்த்துக்கொண்டு வந்த பலகைகளைத் திடீரென்று படிக்க முடிகிறது. பஞ்சர் கடை, டீ ஸ்டால், அரசு மேல்நிலைப் பள்ளி, திருமண மண்டபம்... ஒன்று விடாமல் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தான். கிருஷ்ணகிரி, தருமபுரி. அப்புறம் தொப்பூர் இறக்கம். லாரிகள் கியரைக் குறைத்து உறுமிக்கொண்டு இறங்கும் இடம். விபத்துக்குப் பேர் போனது. அங்கே மட்டும் யாரும் பேசவில்லை. இறக்கம் முடிந்ததும் அப்பா ஒரு பெருமூச்சு விட்டார். அம்மாவும்.

அம்மாவின் மனசுக்குள் வீடு வந்துவிட்டது அந்த இடத்தில்தான்.

"பால்காரருக்கு நாளைலருந்துதான் போடச் சொன்னோம். இன்னிக்கு ராத்திரிக்குப் பால் வாங்கணும்." இது சேலத்தில். "மாவு இல்ல. அரிசி ஊறப்போட்டாத்தான் நாளைக்கு ராத்திரிக்காச்சும் இட்லி." இது நாமக்கல்லில். "தம்பி யூனிஃபார்ம் துவைச்சு வச்சேனா?" இது பரமத்திவேலூர் காவிரிப் பாலத்தில். அப்பத்தா பாலத்தில் ஜன்னலை இறக்கச் சொல்லி ஆற்றில் காசு போட்டுக் கும்பிட்டார். அம்மாவும் கும்பிட்டார். ஆனால் நினைப்பு முழுக்கப் பள்ளிக்கூடச் சீருடையில். மறுநாள் ஜனவரி 2, பள்ளிக்கூடம்.

அதாவது, அம்மாவின் பயணம் மதுரைக்கு 250 கிலோமீட்டர் முன்னாடியே முடிந்துவிட்டது. வண்டியில் உட்கார்ந்தபடியே அவர் அடுப்படிக்குள் போய்விட்டார்.

அப்பத்தாவோ எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தார். வீடு நெருங்க நெருங்கப் பேச்சு கூடியது. கரூர் தாண்டியதும் சிறுத்தொண்டர் கதையை ஆரம்பித்தார். பல்லவர் படையில் சேனாபதியாக இருந்து வாதாபியை அடித்து நொறுக்கியவர்தான் பரஞ்சோதி. போரில் ஜெயித்துத் திரும்பிய பிறகு இவர் சிவனடியார் என்று மன்னனுக்குத் தெரிகிறது. இவரையா போருக்கு அனுப்பினோம் என்று வருந்தி, பொருள் கொடுத்துச் சொந்த ஊருக்கு அனுப்பி வைக்கிறான். திருச்செங்காட்டங்குடியில் போய் அடியார்களுக்குச் சோறு போட்டுக்கொண்டு இருந்துவிடுகிறார். பெரியபுராணத்தில் வரும் கதை.

"அவ்வளவு தூரம் போயிட்டு வந்தவரு, திரும்பப் பழைய வேலைக்குப் போகவே இல்ல பாத்துக்க" என்றார் அப்பத்தா.

"நாங்களும் வாதாபி போயிட்டுத்தானே வர்றோம்? அப்ப நாளைக்கு ஸ்கூலுக்குப் போக வேணாம்ல?" என்றான் பையன். வண்டியே சிரித்தது. மிச்சக் கதையில் பிள்ளைக்கறி வரும் என்பதால் அப்பத்தா அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

எட்டு நாளும் இப்படித்தான் ஓடியிருக்கிறது. முதல் இரண்டு நாள் பிள்ளைகள் இரண்டு பேரும் போனும் கையுமாகத்தான் வந்தார்கள். ஆனால் அந்தப் பழைய வண்டியில் சார்ஜ் போடும் இடம் ஒன்றே ஒன்று. அது வழி காட்டும் அப்பாவின் போனுக்கு. மதியத்துக்குள் மற்ற போன்கள் உயிரை விட்டுவிடும். அப்புறம் என்ன செய்வது? பேசித்தான் ஆக வேண்டும். அப்பத்தாவுக்கு ரங்கூனில் இருந்து திரும்பி வந்த மாமா ஒருத்தர் இருந்தார் என்று கல்லூரி போகும் பேத்திக்கு அப்போதுதான் தெரியும். அம்மா பள்ளிக்கூடத்தில் கோகோ அணித் தலைவி என்று மகனுக்கு அப்போதுதான் தெரியும். அப்பாவுக்குப் பாடத் தெரியும் என்று யாருக்குமே தெரியாது. (தெரியாமலே இருந்திருக்கலாம் என்று மகளின் கருத்து.)

திண்டுக்கல் தாண்டியதும் இடது பக்கம் சிறுமலை. கொடைரோடு, வாடிப்பட்டி, சமயநல்லூர். நெடுஞ்சாலையை விட்டுப் பரவை வழியாக ஊருக்குள் திரும்பி, விளாங்குடி. சாயங்காலம் ஐந்தே முக்கால். வாசலில் சின்னதாக ஒரு கோலம் இருந்தது. மார்கழி மாதம், தெருவில் எல்லா வாசலிலும் பெரிய பெரிய கோலமாக இருக்கும்போது ஒரு வாசல் மட்டும் வெறிச்சென்று இருந்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ஊருக்கே தெரிந்துவிடும். எதிர் வீட்டு அக்கா தன் வாசலோடு இந்த வாசலையும் பெருக்கி, தினம் நாலு புள்ளி வைத்திருக்கிறார். அந்த இல்கல் சேலை சும்மா ஒன்றும் இல்லை!

கதவைத் திறந்ததும் பூட்டிய வீட்டு வாடை. குளியலறையில் இருந்து லேசாகச் சாக்கடை நாற்றம். ஒன்பது நாள் தண்ணீர் ஊற்றாவிட்டால் தரைக்குழாய் வளைவில் நிற்கும் தண்ணீர் வற்றிவிடும், சாக்கடைக் காற்று மேலே ஏறி வரும். இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினால் போய்விடும். ஊற்றியது அம்மா.

அதற்குப் பிறகு நடந்ததற்கு மொத்தம் ஐந்து நிமிடம்தான் ஆனது. பையன் தன் அறைக்குப் போய்ப் போனைச் சார்ஜில் போட்டான். மகள் மாடிக்குப் போய்விட்டாள். அப்பா தொலைக்காட்சியைப் போட்டுச் செய்தி வைத்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார். ஒன்பது நாளும் வண்டி ஓட்டியவர், முதுகு வலிக்காதா? அம்மா அடுப்படிக்குள். அப்பத்தா ஹாலில், பைகளுக்கு நடுவில், நாற்காலியில்.

இதற்குப் பெயர்தான் "எல்லாரும் வீடு வந்து சேர்ந்தார்கள்". நன்றாகப் பார்த்தால், அந்த ஐந்து பேரும் சேர்ந்திருந்தது ஐந்தே முக்கால் வரைக்கும்தான். வீட்டுக்குள் வந்ததும் பிரிந்துவிட்டார்கள்.

மறுநாள் ராத்திரி அப்பா டைரியை எடுத்து வைத்துக்கொண்டு கணக்கு முடித்தார். டீசல் 16,480 ரூபாய். சுங்கச்சாவடி 4,310. அறை வாடகை எட்டு இரவுக்கு 23,600. சாப்பாடு 12,950. நுழைவுச் சீட்டு, வழிகாட்டி, வண்டி நிறுத்தம் 2,700. சேலை, சோளரொட்டி, உலர் திராட்சை வகையறா 3,900. ஆக மொத்தம் 63,940. போட்ட திட்டம் 65,000. "ஆயிரம் ரூபா மிச்சம்!" என்றார் பெருமையாக.

வணிகவியல் படிக்கும் யாரும் இந்தக் கணக்கை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். வண்டித் தேய்மானம் எங்கே என்பது முதல் கேள்வி. அதை விட்டுவிடலாம். பெரிய கேள்வி வேறு. இரட்டைப் பதிவு முறை என்று ஒன்று இருக்கிறது. லூக்கா பாச்சோலி 1494-ல் வெனிஸில் அச்சிட்ட புத்தகத்தில் விளக்கி எழுதியது. இன்றைக்கும் முதலாண்டு மாணவர்கள் அதில் இருந்துதான் தொடங்குகிறார்கள். ஒவ்வொரு பற்றுக்கும் சமமான ஒரு வரவு உண்டு. ஒரு பக்கம் ஒன்று வந்தால், இன்னொரு பக்கம் எங்கிருந்தோ அது போயிருக்க வேண்டும். நாலு பேருக்கு ஓய்வு வந்திருக்கிறது என்றால், அந்த ஓய்வு யாரிடம் இருந்து போனது?

"கொடுபட வேண்டிய செலவு" என்றும் ஒன்று படிப்பார்கள். நன்மையை அனுபவித்தாகிவிட்டது, அதற்கான பணத்தை இன்னும் கொடுக்கவில்லை. அதைச் சேர்க்காமல் கணக்கை முடித்தால் லாபம் கூடுதலாகத் தெரியும். அவ்வளவுதான், லாபம் உண்மையில் இருக்காது. அப்பாவின் டைரியில் விட்டுப்போனது அதுதான். ஐந்து பேரின் ஒன்பது நாள் துணி. மார்கழிப் பனியில் காயாத துணி. துடைக்க வேண்டிய வீடு. காலி டப்பாக்கள். ஜனவரி 2-ஆம் தேதி காலை நாலரை மணிக்கு எழுந்து, பையனுக்கு மதியச் சாப்பாடு கட்டிக்கொடுத்த அந்த உடம்பு.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். சாதாரண நாளிலேயே இப்படி என்றால், பயணம் முடிந்து வரும் வாரத்தில் எப்படி இருக்கும்?

அம்மா வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தது.

அப்பத்தாவின் விஷயம் யாருக்கும் தெரிய இன்னும் இரண்டு நாள் ஆனது.

திரும்பி வந்த அன்று ராத்திரி எல்லாரும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார்கள். அதற்கும் காரணம் உண்டு. புது இடத்தில் முதல் ராத்திரி தூங்கும்போது மூளையின் ஒரு பாதி மற்ற பாதியைவிட விழிப்பாக இருக்கிறது, காவலுக்கு இருப்பதுபோல என்று, அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்டார்கள். அடிக்கடி ஊர் மாறிக்கொண்டே இருந்தவர்களுக்கு எத்தனை "முதல் ராத்திரி" இருந்திருக்கும் பாருங்கள். சொந்தக் கட்டிலில்தான் மூளை காவலை விட்டு இறங்குகிறது. அப்பத்தா மட்டும் விடியும்வரை புரண்டு புரண்டு படுத்தார். மறுநாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும்.

"அலைச்சல் ஒத்துக்கலை. இந்த வயசுல கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாது" என்றார் அப்பா. "டாக்டர்கிட்ட காட்டிரலாம் அத்தை" என்றார் அம்மா. "அலுப்பெல்லாம் ஒண்ணுமில்ல" என்பதோடு அப்பத்தா முடித்துக்கொண்டார்.

நாலாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம். அப்பத்தாவை ஹாலில் காணோம். பின்கட்டில் இல்லை. வாசல் திண்ணையில் இல்லை. பதறிப்போய்த் தேடினால், வாசலில் நிற்கும் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறார். நடு வரிசை, இடது ஜன்னல். ஒன்பது நாளும் அவர் உட்கார்ந்து வந்த இடம். பைகளை இறக்கிய அன்றிலிருந்து அந்தக் கதவைச் சரியாகப் பூட்டாமல் விட்டிருந்தார்கள். முழங்கால் வலியோடு தானே கதவைத் திறந்து, தானே ஏறியிருக்கிறார்.

"என்ன அப்பத்தா, எங்க கிளம்பிட்ட?" என்றான் பையன்.

"எங்கயும் இல்லப்பா. சும்மா."

"வெயில்ல உள்ள உக்காந்திருக்கியே, வேர்க்கலையா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். "இதுக்குள்ள இருந்தப்ப எல்லாரும் இருந்தீங்க. வீட்டுக்கு வந்தா யாரையும் காணோம்."

பையன் ஒன்றும் சொல்லவில்லை. சுற்றி வந்து மறுபக்கக் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தான். எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டான். "அந்த ரங்கூன் மாமா கதையில, கப்பல்ல வந்தாரா, நடந்து வந்தாரான்னு சொல்லவே இல்லையே" என்றான். அப்பத்தா ஆரம்பித்தார். தேடிக்கொண்டு மகள் வந்தாள், பின் வரிசையில் ஏறிக்கொண்டாள். அப்பா வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, பழக்க தோஷத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். கடைசியாக அம்மா, ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு. "என்ன கூத்து இது, தெருவுல போறவங்க பாத்தா சிரிப்பாங்க" என்றார். சொல்லிவிட்டு முன்பக்கக் கதவைத் திறந்து ஏறினார்.

நிற்கிற வண்டிக்குள் ஐந்து பேர், முக்கால் மணி நேரம். எதிர் வீட்டு அக்கா வாசலுக்கு வந்து, "திரும்ப ஊருக்கா? துளசிக்கு நான் வேணா..." என்று இழுத்தார் :-)

வண்டிக்குள் அப்படி என்ன இருக்கிறது? யோசித்தால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. எழுந்து போக இடம் இல்லை. எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பதால், முகத்தைப் பார்த்துச் சொல்லச் சங்கடமானதைக்கூடச் சொல்ல முடிகிறது. வண்டி ஓடும்போது யாருக்கும் வேறு வேலை இல்லை. முக்கியமாக, அம்மாவுக்கு வேலை இல்லை. ஒன்பது நாளும் சமையல் இல்லை, துணி இல்லை. அதனால்தான் கோகோ கதையே வெளியே வந்தது. வீட்டில் அவருக்குக் கதை சொல்ல உட்காரும் நேரம் எது? அப்பத்தாவின் தனிமையும் அம்மாவின் வேலையும் இரண்டு தனித்தனிப் பிரச்சினை மாதிரித் தெரிந்தாலும், அடியில் ஒன்றுதான். நாலு பேர் அவரவர் அறைக்குள் போவதற்கு ஒருத்தர் அடுப்படியில் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த ஒருத்தர் அடுப்படியில் நின்றால், ஹாலில் இருப்பவரோடு உட்கார ஆள் கிடையாது.

அன்று வண்டியை விட்டு இறங்கிய பிறகு அந்த வீட்டில் பெரிய புரட்சி எதுவும் நடந்துவிடவில்லை. பையன் இன்னும் போனும் கையுமாகத்தான் இருக்கிறான். ஆனால் காய்ந்த துணி மொத்தத்தையும் ஹாலில் கொண்டுவந்து கொட்டி, அப்பத்தாவைச் சுற்றி உட்கார்ந்து எல்லாரும் மடித்தார்கள். அன்றைக்கு ஆரம்பித்தது அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் நடக்கிறது. மடிப்பு ஒழுங்காக இல்லை என்று அம்மா பிரித்துத் திரும்ப மடிக்கிறார். அது வேறு விஷயம். அப்பத்தா சாப்பிட ஆரம்பித்துவிட்டார். மிச்சமிருந்த சோளரொட்டி ஒரு கட்டும் அவர் கணக்கில்தான் தீர்ந்தது.

அப்பா டைரியில் அந்த 63,940-க்குக் கீழே மகள் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறாள்: "அடுத்த தடவை பத்து நாள் லீவு இருந்தா ஒன்பது நாள்தான் பயணம். பத்தாவது நாள் வீட்டு வேலைக்கு, எல்லாருக்கும்." அப்பா அதை அடிக்கவில்லை.

அடுத்து எங்கே என்று இன்னும் முடிவாகவில்லை. அப்பா கோனார்க் என்கிறார். பையன் கோவா என்கிறான். அப்பத்தாவிடம் கேட்டதற்கு, "எங்கயா இருந்தா என்ன, தூரமாப் போங்க" என்றார்.

உங்கள் வீட்டிலும் ஒரு பயணம் முடிந்து வந்திருக்கும். மற்றவர்கள் எல்லாம் அலுப்புத் தீரப் படுத்திருக்கும் அந்த முதல் நாளில், அடுப்படியில் யார், ஹாலில் யார் என்று ஒருமுறை எட்டிப் பாருங்கள்.